மூட்டு ஊசி மருத்துவம்

மூட்டு ஊசி மருத்துவம் என்பது மூட்டழற்சி, தசைநாண் காயம் ஆகியவற்றால் ஏற்படும் வலியைக் குறைக்க, மருந்தைப் பாதிக்கப்பட்ட இடத்திலேயே செலுத்தும் முறையாகும். சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளின் தனியார் மருத்துவமனைகளிலும், இராசீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இம்மருத்துவம் அளிக்கப்படுகிறது.

பெரிதும் பயன்படுவது ஸ்டீராய்டு ஊசியாகும். 1951 இல் அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஹாலண்டர் ஹைட்ரோகார்ட்டிசோனை மூட்டுக்குள் செலுத்திக் கண்ட பயனை வெளியிட்ட பின்னர் இது பரவியது. இம்மருந்து அழற்சியைத் தணிக்குமே தவிர, தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. முழங்கால் தேய்வில் இதன் பயன் பெரும்பாலும் சில வாரங்களே நீடிக்கும். 2017 இல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஈராண்டுகள் இவ்வூசி பெற்றோருக்கு, உப்புநீர் ஊசி பெற்றோரைவிடக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. வலியில் வேறுபாடு இல்லை.

தசைநாண் காயங்கள்

'டென்னிஸ் முழங்கை' விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் உரியதன்று. துணி பிழிபவருக்கும் தச்சருக்கும் வரும். நாட்பட்ட இந்நோயில் அழற்சியைவிட நாணின் இழைச் சிதைவே மிகுதி. எனவே ஸ்டீராய்டு தரும் விரைவான நிவாரணம் ஏமாற்றக்கூடியது. 2013 இல் வெளியான ஆத்திரேலிய ஆய்வில், ஓராண்டுக்குள் நோய் திரும்பியோர் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 54 விழுக்காடு. போலி ஊசி பெற்றவர்களில் 12 விழுக்காடு. குதிகால் நாணுக்குள் செலுத்தினால் நாண் அறுபடவும் கூடும்.

நோயாளியின் குருதியையே சுழற்றிப் பிரித்துச் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசி செலவு மிக்கது. முழங்கால் தேய்விலும் குதிகால் நாண் நோயிலும் அது போலி ஊசியைவிடச் சிறந்ததன்று என 2021 இல் வெளியான இரு ஆய்வுகள் காட்டின.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசிக்குப்பின் சில நாட்கள் குருதிச் சர்க்கரை உயரும். ஊசிக்குப்பின் காய்ச்சலுடன் மூட்டு சிவந்து வீங்கினால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.