கிழட்டு எஞ்சின்கள் – 17: விளக்கெண்ணெயில் பறந்தவர்கள்

வளைவில் கார் திரும்பும்போது ஒயில் ஒரு பக்கம் ஒதுங்குவதைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் விளக்கெண்ணெய் வந்து மறித்துக்கொண்டது.

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். தாத்தா காலத்து மினி கார் ஒன்று வீட்டில் நிற்கிறதாம். அதைப் பந்தயத்தில் ஒரு தரமாவது இறக்கிப் பார்க்க ஆசையாம். “ரேஸ் ஓடுறதா இருந்தா வெளக்கெண்ணெய ஊத்து, எஞ்சின் சாகாதுன்னு எங்க தோட்டத்துப் பெரியவர் சொல்றாரு. உண்மையா அண்ணே?”

சிரித்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், பெரியவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை.

1909 வாக்கில் பிரான்சில் செகன் சகோதரர்கள் நோம் என்ற விமான எஞ்சினைக் கொண்டு வந்தார்கள். அதில் கிராங்க் ஷாஃப்ட் விமானத்தோடு பூட்டப்பட்டு அசையாமல் நிற்கும். சிலிண்டர்கள் எல்லாம் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். பெற்றோலும் காற்றும் கலந்த ஆவி கிராங்க் பெட்டிக்குள் நுழைந்துதான் சிலிண்டருக்குப் போகவேண்டும். அங்கே சாதாரண மினரல் ஒயிலை விட்டால் பெற்றோல் அதைக் கரைத்துக் கழுவிவிடும். விளக்கெண்ணெய் பெற்றோலில் இலேசில் கரையாது. உலோகத்தைப் பிடித்தால் விடவும் விடாது, ஏனென்றால் அதில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்ட இருக்கும் ரிசினோலெயிக் அமிலத்துக்கு உலோகப் பரப்பில் ஒட்டும் குணம் உண்டு. ஆகவே முதலாம் உலகப் போரில் சொப்வித் கெமல் போன்ற விமானங்கள் விளக்கெண்ணெயில்தான் பறந்தன.

எஞ்சினுக்குள் போன எண்ணெய் திரும்பி வராது. புகையோடு வெளியே வந்து, திறந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கும் விமானியின் முகத்தில் படியும்; மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் உள்ளே போகும். அதன் பின்விளைவுகளைப் பற்றி விமானிகள் மத்தியில் ஏராளமான கதைகள் உண்டு. பூச்சிக்கு மருந்து என்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கரண்டியால் ஊற்றிய காலத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதற்கு அடுத்த பகுதி. பிரிட்டனுக்கு இந்திய ஆமணக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. போருக்குள் வந்த அமெரிக்கா இந்தியாவிலிருந்து விதை தருவித்துத் தன் தென் மாநிலங்களில் ஆமணக்கு பயிரிட்டது. ஜெர்மனிக்கோ கடல் வழி அடைபட்டிருந்தது. வேறு வழியில்லாமல் வோல்டோல் என்ற மாற்று ஒயிலை ஊற்றினார்கள். 1918 கோடையில் ஃபொக்கர் விமானங்களில் இருந்த ஓபருர்செல் சுழல் எஞ்சின்கள் பழுதாகி நின்றதற்கு அந்த ஒயிலின் மேல்தான் பழி விழுந்தது. வேலி ஓரத்தில் கேட்பாரற்று நிற்கும் ஒரு செடி கிடைக்காமல் ஒரு விமானப்படை தடுமாறியிருக்கிறது!

கார்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அதே 1909இல் இங்கிலாந்தின் வேக்ஃபீல்ட் கம்பனி ஆமணக்கு கலந்த ஒயிலை ‘காஸ்ட்ரோல்’ என்று பெயரிட்டு விற்றது. பந்தயக் கார்களுக்கான காஸ்ட்ரோல் ஆர், பல பத்தாண்டுகள் பந்தயத் திடல்களை மணக்க வைத்தது. அந்தப் புகையின் வாசத்துக்காகவே ரேஸுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். சமையலறை அலுமாரியில் இருக்கும் விளக்கெண்ணெயை 100 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி அதன் பிசுக்கை அளந்தால் 19, 20 சென்டிஸ்டோக்ஸ் வரும். ஒயில் டின்னில் 50 என்று அச்சடிக்க அந்தச் சூட்டில் 16.3இலிருந்து 21.9க்குள் இருக்கவேண்டும். ஆக, பாட்டியின் போத்தலில் இருப்பது கணக்குப்படி 50ஆம் நம்பர் ஒயில்!

சரி, தம்பியின் மினிக்கு வருவோம். ஊவாவில் ரேஸ் என்றால் தியத்தலாவைதான். எச்.எம்.எஸ். ஃபொக்ஸ் கப்பலின் மாலுமிகள் மலைச்சரிவில் பதித்துவிட்டுப் போன நரி உருவத்தால் பெயர் பெற்ற ஃபொக்ஸ் ஹில். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு அங்கே நடந்த பந்தயத்தில் கார் ஒன்று தடம் விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்து 7 பேர் செத்தார்கள். அது ஒயில் சம்பந்தப்பட்ட கதையில்லை. ஆனால் அந்த இடத்தின் பெயரை எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனமில்லை. அந்தப் பக்கம் நுவரெலியாவில், தேயிலைக்கு நடுவே ஏறும் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இலேயே தொடங்கியது. பழைய கார்களுக்கு ஏற்றப் பந்தயம் எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. தூரம் குறைவு, ஒயில் கொதிக்குமுன் முடிந்துவிடும். சுற்றிச் சுற்றி ஓடும் பந்தயத்தில்தான் கிழட்டு எஞ்சினின் உயிர் போகிறது.

மினிக்கு அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மொரிஸ் மைனரில் 1952இலிருந்தும் மினியில் 1959இலிருந்தும் இருப்பது ஒரே ஏ-சீரிஸ் குடும்பத்து எஞ்சின்தான். ஆனால் மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், இடத்தை மிச்சப்படுத்த கியர்பெட்டியை எஞ்சினுக்கு அடியில், ஒயில் சம்புக்குள்ளேயே வைத்துவிட்டார். ஒரே ஒயில் பேரிங்கையும் பார்க்கவேண்டும், கியரையும் பார்க்கவேண்டும். மல்டிகிரேட் ஒயில் சூட்டில் ஒரேயடியாக இளகிவிடாமல் இருக்க நீண்ட பொலிமர் இழைகளைக் கலந்திருப்பார்கள். கியர்ப் பற்கள் அவற்றை இடியப்பத்தைப் பிய்ப்பதுபோல் பிய்த்துப் போடும். 50 என்று ஊற்றியது கொஞ்ச நாளில் 40ஆக இறங்கி நிற்கும். அதன் மேல் சூடு. 100 பாகையில் இருக்கும் பிசுக்கு 130 பாகையில் ஏறத்தாழ பாதிதான்.

பசறை பஸாருக்குக் கீழே ஒரு கராஜில் வேறொரு மினியின் ஒயிலை இறக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். பாஸ் முதலில் ஒயில் ஃபில்டரை வாளால் அறுத்து, உள்ளே இருந்த மடிப்புக் கடதாசியை விரித்து வெயிலில் பிடித்தார். பொடிப்பொடியாக மினுக்கம். காந்தத்தை ஓட்டினார், ஒன்றும் ஒட்டவில்லை. “காந்தத்துல ஒட்டுனா கியர், இல்லாட்டி கேம். ஒட்டாம மினுங்குனா பேரிங். செம்பு நிறம் வந்துருச்சுன்னா பேரிங் கோதோட மேத்தோல் போயிருச்சுன்னு அர்த்தம்” என்றார். விரலில் தொட்டுக் காட்டினார். செம்பு நிறம்தான். நன்றாகச் சூடேறிய மினியில் ஓட்டத்தின்போது ஒயில் அழுத்தம் 60 பி.எஸ்.ஐ. பக்கம் நிற்கவேண்டும், சும்மா நிறுத்தி ஓடவிட்டால் 15க்குக் குறையக்கூடாது. அந்தக் காரில் முள் பத்தைத் தாண்டவேயில்லையாம். சொந்தக்காரர் மீட்டரில்தான் பழுது என்று நினைத்து மீட்டரை மாற்றியிருக்கிறார்!

ஆக, எதை ஊற்றுவது? என் தீர்ப்பு 20டபிள்யூ-50 மினரல் ஒயில். முன்னால் நிற்கும் 20டபிள்யூ குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கான தரம். அதைச் சோதிப்பது சைபருக்குக் கீழே 15 பாகையில். நுவரெலியாவில் உறைபனி கொட்டும் தை மாத விடியலில்கூட அவ்வளவு குளிரில்லை. அதனால் சைபர் டபிள்யூ என்று போட்ட விலை கூடிய டின்னுக்கு ஆசைப்படவேண்டாம். இன்னொன்று, 2004இல் வந்த எஸ்.எம். தரத்தோடு புதிய கார்களுக்கான மெல்லிய ஒயில்களில் பொஸ்பரஸை 0.08 வீதத்துக்கு மட்டுப்படுத்திவிட்டார்கள். புகைக்குழாயில் இருக்கும் கன்வேர்ட்டரைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அந்தப் பொஸ்பரஸ் நாகத்தோடு சேர்ந்த சரக்குத்தான் பழைய எஞ்சினின் கேமையும் டப்பெட்டையும் தேயாமல் காக்கிறது. மினியில் கன்வேர்ட்டரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நாகம் நிறைய உள்ள பழைய மாதிரி ஒயிலே போதும். ஒரு பந்தயம் ஓடினால், கறுக்காவிட்டாலும் இறக்கிவிடுங்கள்.

விளக்கெண்ணெய் வேண்டாம். அது சூட்டில் காற்றோடு சேர்ந்து பிசினாகும். பிஸ்டன் ரிங்கை ஒட்டிப் பிடித்துவிடும். அக்காலப் பந்தயக்காரர்கள் எஞ்சினை அடிக்கடி பிரித்துக் கழுவிக்கொண்டே இருந்ததால் பிழைத்தார்கள். மினரல் ஒயிலோடும் அது சரிவரக் கலக்காது.

ஒயில் நல்லதாக இருந்தும் வளைவில் உறிஞ்சு குழாய் காற்றைக் குடிப்பது ஏன், குழாயின் வாயைச் சம்பின் நடுவுக்கு மாற்றினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அடுத்த வாரம். இந்த முறை கட்டாயம். பசறைத் தம்பி, பெரியவர் பேச்சைக் கேட்டு ஏற்கெனவே ஊற்றியிருந்தால் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவேண்டாம். சம்பைத் திறந்து முழுவதையும் இறக்கிவிட்டு எனக்கு எழுதுங்கள்.