சுருங்க மறுக்கும் தண்ணீர்

(இயற்பியல் துறை, மூன்றாமாண்டு)

பொழுதுபோக்கு என்ற சொல்லை நாம் சற்று இளக்காரமாகவே பயன்படுத்துகிறோம். அஞ்சல்தலை சேர்ப்பவரைக் கண்டால், ‘பரவாயில்லை, பொது அறிவு வளரும்’ என்போம். பிளாஸ்டிக் விமானம் ஒட்டிக்கொண்டிருப்பவரைக் கண்டாலோ, ‘இந்த வயதில் என்ன பொம்மை?’ என்று கேட்டுவிடுவோம். அந்தக் கேள்விக்கு ஆளானவர்களுள் நானும் ஒருவன். அளவு மாதிரிகள் செய்வதும், மாதிரிகளை வைத்து எடுக்கப்பட்ட திரைப்படங்களைத் தேடிப் பார்ப்பதும் எனக்குப் பிடித்த வேலைகள். இவ்விரண்டும் சேர்ந்து கற்பித்த ஒரு விதியை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொம்மையும் மாதிரியும்

கொலுப்படியில் செட்டியார் பொம்மையும் அவருக்குப் பக்கத்தில் வைத்த யானையும் ஒரே உயரமாக இருக்கலாம். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை, அது பொம்மை. அளவு மாதிரிக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒரு விகிதத்தைத் தேர்ந்துகொண்டால் இறக்கை, சக்கரம், சன்னல், உள்ளே அமர்ந்திருக்கும் விமானி ஆகிய எல்லாமே அதே விகிதத்தில் குறைய வேண்டும்.

விமான மாதிரிகளில் பெரிதும் வழங்கும் விகிதம் 1/72. ஆறடி ஓரங்குலமாகும் கணக்கு அது. ஆறடி மனிதர் இந்த விகிதத்தில் ஓரங்குல உயரத்தில் நிற்பார். 1942-ஆம் ஆண்டில், போர்க்காலத்தில், அமெரிக்கக் கடற்படை அந்நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் விமான மாதிரிகளைச் செய்து தரும்படி கேட்டது. அவையும் 1/72 அளவே. வானில் வருவது நட்பு விமானமா, பகை விமானமா என்று வடிவத்தைக் கொண்டே அறியும் பயிற்சிக்கு அவை தேவைப்பட்டன. 35 அடி தொலைவில் வைத்த மாதிரி, ஏறத்தாழ அரை மைல் தொலைவில் பறக்கும் உண்மை விமானத்தின் அளவாகவே கண்ணுக்குத் தெரியும். 1950-களில் பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் போன்ற நிறுவனங்கள் இதே விகிதத்தில் பிளாஸ்டிக் பாகங்களைச் செய்து மலிவாக விற்றன. போர்ப் பயிற்சிக் கருவி பொழுதுபோக்காக மாறிய கதை இது.

செய்முறை கடினமன்று. கொடியில் காய் தொங்குவதுபோல் பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிளேடால் நறுக்கி, உப்புத்தாளால் பிசிறு நீக்கிப் பசை தடவ வேண்டும். அந்தப் பசை கோந்து போன்றதன்று. பிளாஸ்டிக்கைச் சற்றே கரைத்து இரு பாகங்களையும் ஒன்றாக்கிவிட்டுத் தான் ஆவியாகிப் போய்விடும். ஒட்டுதல் என்பதைவிடப் பற்றவைத்தல் என்பதே பொருந்தும். பிறகு வர்ணம், அதன்மேல் நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகட்டை 72-ஆல் வகுத்தால் தாளினும் மெலிதாகிவிடும். பிளாஸ்டிக்கை அவ்வளவு மெலிதாக வார்க்க முடியாது. எனவே மாதிரியில் 1 மில்லிமீட்டராகத் தெரியும் விளிம்பு, உண்மையில் 7 சென்டிமீட்டருக்கும் மேல் தடித்த தகட்டைக் குறிப்பதாகிவிடுகிறது. கண்ணில் படும் விளிம்புகளையாவது சீவி மெலிதாக்குவது அதனால்தான். நிறமும் அப்படியே. தொலைவிலுள்ள பொருளின் நிறம் இடையிலுள்ள காற்றினால் வெளிறித் தெரியும். உண்மை விமானத்திற்குப் பூசிய அதே கறுப்பை மாதிரிக்கும் பூசினால் அது பொம்மைபோல் ஆகிவிடும். சிறிது வெள்ளை கலக்க வேண்டும். ஆக, அளவுகோல் சுருங்கிவிட்டது என்பதற்காக உலகத்தில் உள்ள எல்லாமே கூடவே சுருங்கிவிடுவதில்லை. நான் சொல்ல வந்த விதி இதுதான்.

நீரும் நேரமும்

திரைப்படத்தில் இந்த விதி இன்னும் கடுமையாகச் செயல்படுகிறது. அங்கே மாதிரி அசைகிறது. 40 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் விழச் சுமார் 2.9 விநாடி ஆகும். அந்தக் காட்சியை 1/25 அளவில் அமைத்தால் உயரம் 1.6 மீட்டர். அங்கிருந்து கல் விழ 0.57 விநாடிதான் ஆகும். உயரம் 25 மடங்கு குறைந்தபோது நேரம் 5 மடங்குதான் குறைந்தது. விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று வகுப்பில் படித்தோமல்லவா, அதன் விளைவு இது. இப்படியே படமெடுத்தால் மலைப்பாறை கூழாங்கல் போலத் துள்ளும். ஆகவே விநாடிக்கு 24 படங்கள் எடுக்க வேண்டிய காமிராவை 120 படங்கள் எடுக்கும் வேகத்தில் ஓடவிடுவார்கள். அதை 24 வீதம் திரையிடும்போது இழந்த நேரம் திரும்பக் கிடைக்கிறது. பாறைக்குப் பாறையின் கனம் வந்துவிடுகிறது.

கப்பற்பொறியாளர் வில்லியம் ஃபிரவுட் இதே வர்க்கமூல உறவைத்தான் இங்கிலாந்தின் டார்க்கீ நகரில், 1872-இல் செயல்படத் தொடங்கிய நீர்த்தொட்டியில் மெழுகுக் கப்பல் மாதிரிகளை இழுத்துப் பார்த்து நிலைநாட்டினார். கப்பலைக் கட்டுமுன் மாதிரியை மிதக்கவிட்டு ஆராயும் வழக்கம் அங்கிருந்தே பரவியது.

நேரத்தைச் சரிக்கட்டலாம், தண்ணீரைச் சரிக்கட்ட முடியாது. நீர்த்துளியின் அளவை அதன் பரப்பு இழுவிசை முடிவு செய்கிறது. மாதிரிக் கப்பல் என்பதற்காக அது குட்டித்துளியாக உடையாது. 1/72 மாதிரியின் பக்கத்தில் 5 மில்லிமீட்டர்த் துளி ஒன்று தெறித்தால், அது 36 சென்டிமீட்டர் அகலத் துளியாகிவிடும். நல்ல பூசணிக்காய் அளவு! பழைய கடற்போர்ப் படங்களில் ‘இது தொட்டியில் எடுத்தது’ என்று நம் கண் உடனே சொல்லிவிடுவது இதனால்தான். ஒரே வழி, மாதிரியைப் பெரிதாக்குவது. 1980-இல் வெளிவந்த ‘ரெய்ஸ் த டைட்டானிக்’ படத்திற்குச் சுமார் 55 அடி நீள மாதிரி செய்தார்கள். கதை தள்ளாடினாலும் அந்தக் கப்பல் கடலைப் பிளந்துகொண்டு மேலே வரும் காட்சி ஒன்றுக்காகவே அதைப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

மாதிரியே வேண்டாம் என்று முடிவு செய்தவர்களும் உண்டு. டேவிட் லீன் இயக்கிய ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ (1957) படத்திற்காக இலங்கையின் கித்துல்கலையில் உண்மையான மரப்பாலத்தையே கட்டி, உண்மையான இரயிலை ஓடவிட்டுத் தகர்த்தார்கள். பாலம் சரியும்போது நம் வயிறு கலங்குகிறதே, அந்தக் கனம் எந்தத் தொட்டியிலும் கிடைக்காது. 1990-களிலிருந்து கணினி வரைகலை மாதிரிகளின் வேலையைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. ஆயினும் கணினிக்கும் தண்ணீர்தான் கடினமான பாடம்.

அணையை உடைத்த கோலிக்குண்டு

அறிவியலாளரின் மாதிரி, திரைப்படக்காரரின் மாதிரி, பொழுதுபோக்காளரின் மாதிரி ஆகிய மூன்றும் ஒரே நிகழ்ச்சியில் சந்திப்பதைக் காண வேண்டுமானால் ‘த டேம் பஸ்டர்ஸ்’ (1955) படத்தைப் பார்க்க வேண்டும். 1943 மே 16-17 இரவில் பிரிட்டிஷ் விமானப்படையின் 19 லங்காஸ்டர் விமானங்கள் ஜெர்மனியின் ரூர் தொழில்வட்டாரத்திற்கும் அதன் சுற்றுப்புறத்திற்கும் உரிய அணைகளைத் தாக்கிய உண்மைக் கதை அது.

அந்தத் தாக்குதலே மாதிரிகளில் பிறந்தது. பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் 1942-இல் தம் வீட்டுத் தோட்டத்தில் தொட்டி நீரின்மேல் கோலிக்குண்டுகளைத் தெறிக்கவிட்டுப் பார்த்தார். குளத்தில் நாம் ஓட்டாஞ்சில்லு விடும் அதே வித்தை. பிறகு டெடிங்டனில் கப்பல் மாதிரிகளுக்கென இருந்த நீண்ட தொட்டியில் சோதனைகள் நடந்தன. வாட்ஃபோர்டு அருகே மோனே அணையின் 1/50 மாதிரியைக் கட்டி வெடித்துப் பார்த்தார்கள். வேல்ஸ் நாட்டில் கைவிடப்பட்ட சிறிய அணை ஒன்று 1942 ஜூலையில் சோதனைக்காகத் தகர்க்கப்பட்டது. வெடி சுவரை ஒட்டி, நீருக்கடியில் வெடித்தால் குறைந்த வெடிமருந்தே போதும் என்று அவை காட்டின. ஆகவே நீரின்மேல் தத்திச் சென்று, சுவரில் மோதி மூழ்கி, 30 அடி ஆழத்தில் வெடிக்கும் உருளைக் குண்டு உருவாயிற்று. அதன் எடை 4 டன்னுக்கு மேல்; பின்னோக்கி நிமிடத்திற்கு 500 சுற்று சுழலவிட்டுப் போட வேண்டும்; விமானம் நீர்மட்டத்திலிருந்து 60 அடி உயரத்தில் பறக்க வேண்டும்.

60 அடி என்று நூலில் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மாதிரியைச் செய்து முடித்தபின் கணக்கிட்டேன். லங்காஸ்டரின் இறக்கை விரிவு 102 அடி; 1/72 அளவில் 17 அங்குலம். 60 அடி உயரமோ 10 அங்குலம்தான்! மேசையிலிருந்து 10 அங்குலத்தில் மாதிரியைப் பிடித்துப் பாருங்கள். தன் இறக்கையின் அகலத்தைவிடத் தாழ்வாக, இரவில், மணிக்கு 230 மைல் வேகத்தில் அது பறந்திருக்கிறது. விமானத்தை ஒருக்களித்துத் திருப்பினால் இறக்கை நுனி நீரை நெருங்கிவிடும். அந்த உயரத்தை அறியச் சாதாரண உயரமானி உதவவில்லை. இரு விளக்குகளின் ஒளிவட்டங்கள் 60 அடியில் நீரின்மேல் ஒன்று சேருமாறு பொருத்தினார்கள். பக்கம் பக்கமாக எழுதினாலும் புரியாத துணிவு ஒரு பிளாஸ்டிக் மாதிரியும் அளவுகோலும் இருந்தால் நொடியில் புரிந்துவிடுகிறது.

திரையில் கண்டவை

படத்தைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். வாலிஸாக மைக்கேல் ரெட்கிரேவ் நடிக்கும் முற்பகுதி மிகச் சிறப்பு. ஒரு கருத்தைக் கோப்புகளுக்கும் கூட்டங்களுக்கும் இடையே ஒருவர் சுமந்து திரிவதை இவ்வளவு விறுவிறுப்பாகச் சொன்ன படங்கள் குறைவு. பறப்பவை உண்மை லங்காஸ்டர்கள் என்பதால் அந்தக் காட்சிகளில் கண் குறை காணாது. அணை உடையும் இடத்தில்தான் நம் விதி பழிவாங்குகிறது. வெடியில் எழும் நீர்த்தூண் நீராகத் தெரியவில்லை. பள்ளத்தாக்கில் பாயும் வெள்ளம் தொட்டி வெள்ளமாகவே இருக்கிறது. குண்டின் வடிவமும் உண்மையானதன்று. அது அப்போது இரகசியமாகவே காக்கப்பட்டு வந்தது.

இப்படத்தின் சிறப்புக் காட்சிகளைப் படம்பிடித்தவர்களுள் ஒருவரான கில்பர்ட் டெய்லர், பின்னாளில் ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) படத்தின் ஒளிப்பதிவாளரானார். அதன் இறுதித் தாக்குதல், பள்ளத்தில் தாழப் பறந்து ஒரே புள்ளியில் குண்டெறிவது, அணைத் தாக்குதலின் சாயலிலேயே அமைந்தது. அதில் வரும் விண்கலங்களின் மேற்பரப்பில் நெருக்கமாகத் தெரியும் குழாய்களும் மேடுகளும் கடைகளில் விற்ற டாங்கி, விமான மாதிரிப் பெட்டிகளின் உதிரிப் பாகங்கள். நுணுக்கம் மிகுந்தால் பொருள் பெரிது என்று கண் நம்பிவிடும். விண்வெளியில் தண்ணீர் இல்லாதது அவர்களுக்குப் பெரிய வசதி!

அளவில் அகப்படாதவர்கள்

அன்றிரவு மோனே, ஏடர் ஆகிய இரு அணைகள் உடைந்தன. புறப்பட்ட 133 வீரர்களில் 53 பேர் மாண்டனர். 8 விமானங்கள் திரும்பவில்லை. படம் இவர்களுக்காகக் கண்ணீர் விடுகிறது, அது நியாயமே. ஆனால் வெள்ளத்தில் இறந்தவர்கள் 1,300 முதல் 1,600 பேர் வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் ஜெர்மானியரே அல்லர். நேஹைம் நகரத்தருகே முகாமில் அடைக்கப்பட்டிருந்த, பெரும்பாலும் சோவியத் நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்ட பெண்களான கட்டாய உழைப்பாளர்கள். அந்த முகாம் படத்தில் இடம்பெறவில்லை. மோனே அணையோ அதே 1943-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திற்குள் சீர்செய்யப்பட்டுவிட்டது.

1/72 அளவில் மோனே அணையைச் செய்தால் சுவர் 9 மீட்டர் நீளமும் 55 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும். நம் வகுப்பறையில் அடங்கிவிடும். அதன் முன்னே நிற்கும் ஓரங்குலப் பெண்ணைக் கற்பனை செய்து பாருங்கள். தன் உயரத்தைப்போல் இருபது மடங்குக்கும் மேலான சுவருக்குப் பின்னால் நிற்கும் நீர் அவள்மேல் வருகிறது. பெட்டியில் விமானம் உண்டு, குண்டு உண்டு, விமானிகள் உண்டு. அவள் மட்டும் இல்லை.

சிறிதாக்குவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. உயரத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஊரே மாதிரியாகத் தெரியும். மாதிரியில் யாருக்கும் வலிப்பதில்லை. அந்த ஆபத்துக்கு மருந்தும் இதே கலையில் இருக்கிறது. எந்த மாதிரியைச் செய்தாலும் பக்கத்தில் அதே விகிதத்தில் ஒரு மனித உருவை நிறுத்துவது எங்கள் வழக்கம். எது பெரிது, எது சிறிது என்று அதுவே சொல்லிவிடும். திரைப்படத்திற்கும், நாளை நாம் வரையப்போகும் திட்டங்களுக்கும் அதே வழக்கம் பொருந்தும். தண்ணீரைப் போலவே மனிதத் துன்பமும் நம் அளவுகோலுக்கேற்பச் சுருங்க மறுப்பது.