செவிலியர் சொல் அம்பலம் ஏறட்டும்

நிமோனியா முற்றி, இரண்டு நுரையீரல்களிலும் நீர் கோத்து, வென்டிலேட்டர் தரும் ஆக்சிஜன்கூட ரத்தத்தில் ஏறாமல் போகும் நிலையை மருத்துவர்கள் ஏ.ஆர்.டி.எஸ். என்கிறார்கள். அந்த நிலைக்குப் போனவர்களைக் காப்பாற்றும் வழிகளில் மிகவும் பலன் தந்த ஒன்று, நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பது. மல்லாந்து கிடக்கையில் இதயத்தின் எடையும் வயிற்றின் அழுத்தமும் நுரையீரலின் பின்பகுதியை அமுக்கிவிடுகின்றன. குப்புறத் திருப்பினால் அந்தப் பகுதி விரிந்து காற்றை வாங்குகிறது. பிரான்சின் லியோன் நகர மருத்துவர் க்ளோத் கெரான் தலைமையில் 466 நோயாளிகளிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு முறையும் 16 மணி நேரத்துக்குக் குறையாமல் குப்புறக் கிடந்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 16 சதவீதம். மல்லாந்தே கிடந்தவர்களில் 32.8 சதவீதம்.

இந்தச் சிகிச்சையை ஊசி போடுவதுபோல ஒருவர் செய்துவிட முடியாது. தொண்டையில் சுவாசக் குழாய், கழுத்து ரத்தநாளத்தில் மருந்துக் குழாய், மூக்கில் உணவுக் குழாய், சிறுநீர்க் குழாய் என எல்லாவற்றோடும் நினைவிழந்த ஒருவரை நான்கைந்து பேர் சேர்ந்து புரட்ட வேண்டும். தலைமாட்டில் சுவாசக் குழாயைப் பிடித்திருப்பவர் எண்ணிச் சொல்ல, மற்றவர்கள் அந்தச் சொல்லுக்கு அசைய வேண்டும். குழாய் நழுவினால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். திருப்பியதோடு வேலை முடிவதுமில்லை. 16 மணி நேரம் என்றால் எப்படிப் பார்த்தாலும் நடுவில் ஷிஃப்ட் மாறும். எத்தனை மணிக்குத் திருப்பினோம், முகம் எந்தப் பக்கம் இருக்கிறது, உதட்டருகே குழாய் எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது, கன்னத்திலோ தாடையிலோ தோல் சிவக்கிறதா என்பதெல்லாம் ஒரு செவிலியரிடமிருந்து அடுத்தவருக்குப் பிசகாமல் போய்ச்சேர வேண்டும். கெரானின் ஆய்வு நடந்த பிரிவுகள் எல்லாமே இந்த முறையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பழகியவை. 2001-இல் வெளியான இத்தாலிய ஆய்வில் இதே முறை உயிரிழப்பைக் குறைக்கவில்லை. அங்கே நாளுக்குச் சுமார் ஏழு மணி நேரம்தான் திருப்பினார்கள், நோயாளிகளின் தீவிரமும் வேறு. ஆகவே எல்லாப் பெருமையையும் பழகிய கைகளுக்கே கொடுத்துவிட முடியாது; ஆனாலும் பழக்கமில்லாத குழுவிடம் இந்த எண்களை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பேச்சு தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. ஜெருசலேம் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவைக் கவனித்து 1995-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவரும் செவிலியரும் நேரில் பேசிக்கொண்டது மொத்தச் செயல்களில் 2 சதவீதம்தான். பதிவான தவறுகளிலோ 37 சதவீதம் அந்தப் பேச்சோடு தொடர்புடையவை. இதில் எனக்கு வியப்பில்லை. சளியின் நிறம் மாறியதையும், நோயாளி வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டுவதையும் முதலில் பார்ப்பவர் படுக்கையருகே நிற்கும் செவிலியர். ரவுண்ட்ஸில் அவர் ஒதுங்கி நிற்க, கேஸ் ஷீட்டை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் அந்தத் தகவல் அவரோடே நின்றுவிடுகிறது.

எதிர்வாதங்களை ஒதுக்க முடியாது. பிரேசிலில் 118 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தினசரி சரிபார்ப்புப் பட்டியலும் இலக்கு நிர்ணயமும் கொண்டுவந்து பார்த்தார்கள். 2016-இல் வந்த முடிவு: உயிரிழப்பு குறையவில்லை. கூட்டுப்பணி என்ற பேச்செல்லாம் வெறும் சடங்கு என்பவர்களுக்கு இது வலுவான ஆதாரம். நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். பட்டியல் கேள்வியை நினைவூட்டும், பதிலைக் கேட்டு நடக்கவேண்டியவர்கள் மனிதர்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மருத்துவர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் நடத்திய திட்டத்திலும் பட்டியல் இருந்தது. கூடவே, ரத்தக்குழாயில் குழாய் செருகும் மருத்துவர் சுத்த விதிகளைத் தவறவிட்டால் தடுத்து நிறுத்தும் அதிகாரம் உடனிருப்பவருக்குக் கிடைத்தது. குழாய்வழி ரத்தத் தொற்றின் இடைநிலை விகிதம் ஆயிரம் குழாய் நாட்களுக்கு 2.7-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியது என்று 2006-இல் வெளியிட்டார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு அது, அந்தக் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த அதிகாரம்தான் அதன் உயிர்நாடி என்று நினைக்கிறேன்.

முதலில் ஆள் கொடுங்கள், பேச்சு பிறகு என்று செவிலியர்கள் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. ஒரே செவிலியர் மூன்று வென்டிலேட்டர்களைக் கவனிக்கும் வார்டில் குப்புறத் திருப்ப நான்கைந்து பேருக்கு எங்கே போவது? எந்தப் பயிற்சி வகுப்பும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. சட்டப் பொறுப்பு மருத்துவருடையது, முடிவும் அவருடையதே என்ற வாதத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. முடிவு ஒருவருடையதாக இருக்கலாம். அந்த முடிவுக்கான தகவல் பலரிடம் சிதறிக்கிடக்கிறது. ரவுண்ட்ஸில் படுக்கைப் பொறுப்பிலுள்ள செவிலியர் முதலில் பேசுவதும், ஷிஃப்ட் ஒப்படைப்பு மேசையருகே நடக்காமல் நோயாளியின் அருகிலேயே நடப்பதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. துறைத் தலைவர் எழுத்தில் உத்தரவிட்டு, முதல் சில வாரங்கள் தானே வந்து நின்று கேட்டால் நாளைக்கே தொடங்கலாம்.