கிராக்கோவ் நகரின் ராஜ வீதி

அரசர்கள் போய்விட்டார்கள், அவர்கள் வாழ்ந்த அரண்மனையும் காட்சிச்சாலையாகிவிட்டது. ஆனால் அவர்கள் பவனி வந்த வீதி மட்டும் இன்னும் ராஜ வீதி என்ற பெயரை இழக்கவில்லை. போலந்து தேசத்தின் பழைய தலைநகரமாகிய கிராக்கோவ் நகரத்தில், வடக்குக் கோட்டை வாசலிலிருந்து வாவெல் குன்று வரையில் செல்லும் வழியைத்தான் சொல்கிறோம். நீளம் ஏறக்குறைய ஒரு மைல். நின்று பார்க்காமல் நடந்தால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நின்று பார்ப்பவருக்கோ, ஒரு தேசம் வாழ்ந்ததும் வீழ்ந்ததும் மீண்டும் எழுந்ததுமான கதை முழுவதும் அந்த ஒரு மைலுக்குள் கிடைக்கும்.

முடிசூடிக் கொள்ள வந்த மன்னர்களும், வென்று திரும்பிய படைகளும், அயல்நாட்டுத் தூதர்களும் இவ்வழியாகவே ஊருக்குள் நுழைந்தார்கள். மாண்ட மன்னர்களின் இறுதி ஊர்வலமும் இவ்வழியாகவே சென்றது. நாமும் அவ்வழியே செல்வோம், வாருங்கள்.

காற்றைக் காட்டிக் காத்த கோட்டை

முதலில் நாம் காண்பது பார்பகன் என்னும் வட்டக் கோட்டை. 1498, 1499-ஆம் ஆண்டுகளில், துருக்கியர் படையெடுத்து வரக்கூடும் என்ற அச்சத்தால் எழுப்பப்பட்டது. செங்கற் சுவரின் கனம் மூன்று மீட்டருக்கு மேல். அம்பும் குண்டும் எய்வதற்கு 130 துவாரங்கள். உச்சியில் ஏழு சிறு கோபுரங்கள். அதை அடுத்து நிற்பது புளோரியன் வாசல். தீ விபத்திலிருந்து காக்கும் புனிதர் புளோரியன் என்பது அந்நாட்டு மக்களின் நம்பிக்கை.

ஊரைச் சுற்றி முன்பு இரட்டை மதிலும் அகழியும் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றை இடித்துத் தள்ள முடிவாயிற்று. அப்போது பெலிக்ஸ் ரட்வான்ஸ்கி என்ற பேராசிரியர் நகர சபையில் எழுந்து, வடபுறத்து மதிலையேனும் விட்டுவையுங்கள் என்று வாதாடினார். சரித்திரப் பெருமையைச் சொன்னால் சபையினர் செவி சாய்க்க மாட்டார்கள் என்று கண்டாரோ என்னவோ, வாடைக் காற்று தடையின்றி ஊருக்குள் புகுந்தால் ஜனங்களுக்கு வாத நோய் வரும் என்று அவர் எச்சரித்ததாகச் சொல்வார்கள். எவ்வாறாயினும் வழக்கு வென்றது. பார்பகனும் புளோரியன் வாசலும் சிறிதளவு மதிலும் பிழைத்தன. மற்றப் பகுதிகள் இடிக்கப்பட்டு, அகழியும் தூர்க்கப்பட்டு, அவ்விடமெல்லாம் மரங்கள் நடப்பட்டன. பழைய ஊரை மாலை போல் சூழ்ந்திருக்கும் பிளாந்தி என்னும் பூங்கா அதுதான்.

தேசமில்லாத சித்திரக்காரர்

வாசலைக் கடந்தால் புளோரியன் வீதி. அதில் 41-ஆம் எண் வீட்டில் 1838-ஆம் ஆண்டில் பிறந்தவர் யான் மதெய்கோ என்னும் சித்திரக்காரர். 1893-இல் காலமானதும் அதே வீட்டில்தான். அவர் பிறந்தபோது போலந்து என்ற ராஜ்யம் உலகப் படத்தில் இல்லை, இறந்தபோதும் இல்லை.

ஏன் இல்லை? ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் மூன்று தவணையாக அத்தேசத்தைப் பங்கு போட்டுக் கொண்டன. பின்னர் 123 ஆண்டுகள், 1918 வரையில், போலிஷ் மக்கள் இருந்தார்கள், போலந்து இல்லை. மதெய்கோ தம் வாழ்நாள் முழுவதும் முன்னோர்களின் வெற்றிகளையும் வீழ்ச்சிகளையும் பெரிய பெரிய திரைச்சீலைகளில் தீட்டினார். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தர இயலாத சரித்திரத்தைச் சுவரில் மாட்டி வைத்தார் எனலாம்.

பாதியில் அறுபடும் கீதம்

வீதி முடியுமிடத்தில் கண் முன்னே சட்டென்று ஒரு பெருவெளி விரிகிறது. 1257-இல் வகுக்கப்பட்ட சந்தைச் சதுக்கம் அது. பக்கத்துக்கு ஏறக்குறைய 200 மீட்டர். அதன் மூலையில் நிற்கும் புனித மரியாள் ஆலயத்துக்கு உயரம் ஒவ்வாத இரண்டு கோபுரங்கள். உயர்ந்த கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் ஓர் எக்காளம் ஒலிக்கிறது. நான்கு திசைக்கும் நான்கு முறை ஊதுகிறார்கள். ஊதுபவர் தீயணைப்புப் படையைச் சேர்ந்தவர். கீதம் முடியுமுன்பே திடீரென்று அறுபட்டு நின்றுவிடும்.

1241-இல் தாத்தாரியர் படையெடுத்து வந்தபோது, அபாயத்தை அறிவித்துக் கொண்டிருந்த காவற்காரனின் தொண்டையில் அம்பு பாய்ந்தது. அவன் நிறுத்திய இடத்திலேயே இன்றும் நிறுத்துகிறார்கள் என்பது கதை. இக்கதைக்குப் பழைய ஏடுகளில் ஆதாரம் இல்லை. ஆனால் கீதம் மெய். 1944-ஆம் வருஷம் மே மாதம் 18-ஆம் தேதி, இத்தாலியில் மோன்டே கஸீனோ குன்றைப் போலிஷ் வீரர்கள் கைப்பற்றியபோது, அந்த இடிபாடுகளுக்கு நடுவே நின்று ஒருவர் ஊதியதும் இதே கீதத்தைத்தான். அப்போது கிராக்கோவ் நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்தது.

சதுக்கத்தின் கல்

சதுக்கத்தின் நடுவில் நீண்டு கிடப்பது சுகியென்னிட்சே என்னும் பழைய துணி மண்டபம். கீழே கடைகள், மேல்மாடியில் சித்திரசாலை. மதெய்கோவின் ‘பிரஷ்யரின் வணக்கம்’ என்ற புகழ்பெற்ற படம் அதற்குச் சொந்தமானது. 1525-இல் இதே சதுக்கத்தில் பிரஷ்யாவின் பிரபு போலந்து மன்னர் முதலாம் ஸிகிஸ்மண்டின் முன் மண்டியிட்டு விசுவாசப் பிரமாணம் செய்த காட்சி அது. இரண்டரை நூற்றாண்டு கழித்து, போலந்தைப் பங்கு போட்டவர்களில் பிரஷ்யாவும் ஒன்றாயிற்று. 1882-இல் அடிமைப்பட்டிருந்த ஜனங்கள் இப்படத்தின் முன் நின்றபோது என்ன எண்ணியிருப்பார்கள் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

துணி மண்டபத்துக்கு அருகில் தரையில் ஒரு கல் பதித்திருக்கிறது. 1794-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ஆம் தேதி, தாதேயுஷ் கோஷ்சியூஷ்கோ அவ்விடத்தில் நின்று, தேசத்தின் விடுதலைக்காகவே தம் அதிகாரத்தைப் பயன்படுத்துவதாகச் சபதம் செய்தார். அமெரிக்க சுதந்திர யுத்தத்தில் போரிட்டுத் திரும்பிய வீரர் அவர். அரிவாளை ஏந்திய குடியானவர்களும் அவர் படையில் சேர்ந்தார்கள். அவ்வருஷமே கிளர்ச்சி தோற்றது. மறு வருஷம் தேசமும் மறைந்தது.

மற்றொரு பக்கத்தில் கவிஞர் ஆதாம் மிட்ஸ்கியேவிச்சின் சிலை. 1898-இல் நிறுவப்பட்டது. விந்தை என்னவென்றால், உயிருடன் இருந்த காலத்தில் அவர் இந்நகரத்தில் கால் வைத்ததேயில்லை! 1940-இல் ஜெர்மானியர் அச்சிலையை உடைத்தெறிந்தனர். சதுக்கத்துக்கே ஹிட்லரின் பெயரைச் சூட்டினர். 1955-இல் கவிஞர் மீண்டும் பீடம் ஏறினார். ஹிட்லரின் பெயர் ஐந்து ஆண்டுகூட நிலைக்கவில்லை.

ஜனங்கள் கட்டிய சுவர்

இனி குரோட்ஸ்கா வீதி. வலிய கற்சுவர்களுடன் நிற்கும் புனித ஆந்திரேயர் ஆலயம் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1241-ஆம் வருஷத்துப் படையெடுப்பில் உள்ளே புகுந்தவர்களைக் காப்பாற்றிய ஆலயம் இது. அதைத் தாண்டினால் வாவெல் குன்று.

தலைநகரம் வார்சாவுக்கு மாறிய பின்னரும் மன்னர்கள் முடிசூடவும் மண்ணில் அடங்கவும் இக்குன்றையே நாடினார்கள். அடிமைக் காலத்தில் ஆஸ்திரியர் இந்த அரண்மனையைப் பட்டாளத்தின் கொட்டடியாக்கினர். 1905-இல்தான் சிப்பாய்கள் அரண்மனையைக் காலி செய்தார்கள். சுதந்திரம் வந்தபோது புதிய அரசிடம் பணம் இல்லை. பழுது பார்ப்பது எவ்வாறு? ஜனங்களிடம் கேட்டார்கள். ஒரு செங்கல்லுக்குரிய தொகையைக் கொடுத்தவர்களின் பெயரைக் கல்லில் பொறித்து, குன்றின் மேல் ஏறும் பாதையின் சுவரில் பதித்தார்கள். அப்பெயர்களை இன்றும் படித்துக் கொண்டே மேலே ஏறலாம்.

உச்சியில் உள்ள பேராலயத்தில் மன்னர்களின் கல்லறைகளோடு வேறு சில கல்லறைகளும் உள்ளன. ஸ்விட்ஸர்லாந்தில் இறந்த கோஷ்சியூஷ்கோ 1818-இல் இங்கே கொண்டு வரப்பட்டார். 1855-இல் துருக்கியில் உயிர் நீத்த மிட்ஸ்கியேவிச், 1890-இல் பெரும் ஊர்வலத்துடன் வந்து சேர்ந்தார். முடி தரித்தவர்களுக்கே உரியதாக இருந்த இடத்தில் முடியில்லாத வீரருக்கும் கவிஞருக்கும் ஜனங்கள் இடம் கொடுத்தார்கள். கோபுரத்தில் தொங்கும் ஸிகிஸ்மண்ட் மணி 1520-இல் வார்க்கப்பட்டது. அதை அசைக்கப் பன்னிரண்டு பேர் வேண்டும். பெரிய திருநாட்களிலும் தேசத்தின் முக்கியமான தினங்களிலும் மட்டுமே அது ஒலிக்கும்.

1939-இல் ஹிட்லரின் பிரதிநிதி ஹான்ஸ் பிராங்க் இதே அரண்மனையில் குடியேறினான். குன்றுக்குக் கீழே விஸ்டுலா நதியருகில் கஸிமியெஷ் என்ற பழைய யூதர் குடியிருப்பு தெரிகிறது. யுத்தத்துக்கு முன் நகர ஜனங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் யூதர்கள். பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். அங்குள்ள தொழுகை மண்டபங்கள் நிற்கின்றன. அவற்றை நிரப்பிய ஜனங்கள் இல்லை. ராஜ வீதி வாவெல் குன்றோடு முடிந்தாலும், மேலும் பத்து நிமிஷம் நடந்து அத்தெருக்களையும் பார்க்காமல் திரும்புகிறவர், கிராக்கோவின் சரித்திரத்தில் ஒரு பாதியை விட்டுவிட்டுத் திரும்புகிறவரேயாவார்.

1978-இல் ஐக்கிய நாடுகளின் கலாசார ஸ்தாபனம் உலகப் பொதுச் செல்வமென்று முதன்முதலாகப் பன்னிரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்தபோது, கிராக்கோவின் பழைய நகரமும் அவற்றில் ஒன்றாயிற்று. அப்பெருமை கிடைக்கும் முன்பே அந்த ஊரார் தங்கள் வீதியின் மதிப்பை அறிந்திருந்தார்கள். மதிலுக்காக வாதாடிய ஒரு பேராசிரியரும், ஒரு செங்கல்லின் விலையைக் கொடுத்த சாமானியர்களும் இல்லாவிட்டால், இன்று நாம் நடந்து பார்க்க அங்கே அதிகம் மிஞ்சியிராது.