மீன் குட்டைக்கு ஏற்ற கட்டுமானப் பொருள்கள்

தறிக்கூடத்தின் பின்புறத்திலோ கிணற்றடியிலோ சிறு குட்டை அமைத்து மீன் வளர்க்க முற்படும் அங்கத்தினர்கள், கரையின் உறுதியைப் பார்ப்பதோடு நின்றுவிடலாகாது. அக்கரையிலிருந்து நீரில் கரைந்து இறங்குவது யாது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

புதுச் சிமெண்டுப் பூச்சிலிருந்து சுண்ணாம்பு கசியும். நீரின் கார அமில நிலையை அளக்கும் கணக்கில் 7 என்பது நடுநிலை. கட்லா, ரோகு முதலிய கெண்டைகளுக்கு 7 முதல் 8.5 வரை உகந்தது. புதுத் தொட்டியில் தேங்கிய நீரோ 11ஐயும் எட்டக்கூடும். அதில் விட்ட குஞ்சுகள் செவுள் புண்பட்டு மடியும். ஆகையால் பூச்சு நன்கு இறுகியபின் நீரை நிரப்பி, சில நாள் வைத்து, இறைத்துவிட வேண்டும். இவ்வாறு பலமுறை செய்து, சோதனைத் தாளில் அளவு இறங்கியதைக் கண்ட பின்னரே குஞ்சுகளை விடுவது முறை.

செம்பும் துத்தநாகமும் மனிதருக்குத் தீங்கு செய்யாத சிற்றளவிலேயே மீனுக்கு நஞ்சாகும். எனவே துத்தநாகம் பூசிய தகரமும் செம்புக் குழாயும் குட்டைக்கு ஆகா. கரையான் அரிக்காதிருக்கச் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றை ஏற்றிய மரக்கம்பங்களையும் விலக்குக. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் இறுதியோடு அத்தகைய மரம் பெரும்பாலான வீட்டு உபயோகங்களினின்று நீக்கப்பட்டது. சாயமும் இரசாயனமும் வந்த பீப்பாய்களை, எத்துணை கழுவினாலும், மீன் தொட்டியாக்குதல் கூடாது.

கருங்கல், நன்கு சுட்ட செங்கல், மிதித்து இறுக்கிய களிமண் ஆகியவை நம் ஊரிலேயே கிடைப்பன; தீங்கற்றவை. குட்டையில் வளரும் மீன் நம் குழந்தைகளின் கலத்திற்கு வருவதென்பதை நினைவிற்கொண்டு பொருள்களைத் தேர்ந்தெடுப்போமாக.