கேளா ஒலியும் இயந்திரத் துப்புரவும்

மோட்டார் வண்டிப் பட்டறைகளில் நாள்தோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. கழற்றப்பட்ட இயந்திர உறுப்புகள் ஒரு தட்டில் மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ ஊறிக் கிடக்கும். இளைஞன் ஒருவன் வெறுங்கையுடன் அவற்றைத் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருப்பான். இம்முறையில் செலவு குறைவு என்பது மெய்யே. ஆயினும், பெட்ரோலின் ஆவி சிறு தீப்பொறியிலும் பற்றிக்கொள்ளும். அதில் அடங்கியுள்ள பென்சீன் என்னும் பொருள் இரத்த நோய்களை விளைவிக்க வல்லது. தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையை இத்திரவங்கள் அகற்றிவிடுவதால் கைகள் வெடித்துப் புண்ணாகின்றன. இத்தனைக்குப் பின்னரும், தூரிகை நுழையாத நுண்துளைகள் தூய்மை அடைவதில்லை.

கார்புரேட்டரை எடுத்துக்கொள்வோம். எரிபொருளை அளந்து விடும் ஜெட் என்னும் பித்தளை உறுப்புகளுள் சிலவற்றின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. வண்டி நெடுநாள் ஓடாது நின்றால், பெட்ரோல் ஆவியாகி, எஞ்சும் அரக்குப் போன்ற படிவு அத்துளையை அடைத்துவிடுகிறது. மெல்லிய கம்பியால் குத்தி அதைத் திறப்பது பலரது வழக்கம். பித்தளையோ மென்மையானது. 0.40 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை 0.44 மில்லிமீட்டராக விரிந்தால், அதன் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். அளவுக்கு மிஞ்சிய எரிபொருளும் கரும்புகையும் இதன் விளைவு. உறுப்பைத் தொடாமலே அழுக்கை அகற்றும் வழி ஒன்று வேண்டும். அதனைக் கேளா ஒலி அளிக்கிறது.

குமிழியின் வலிமை

மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். அதற்கு மேற்பட்டது கேளா ஒலி. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுவதை 1880ஆம் ஆண்டில் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். அதன் மறுதலையாக, மாறுமின்சாரத்தால் படிகத்தை அதிரச் செய்து கேளா ஒலியை உண்டாக்கலாம். முதல் உலகப் போரின்போது, நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய லாஞ்செவான் இம்முறையைக் கையாண்டார். திரவத்தில் செல்லும் கேளா ஒலி, ஒளியைச் சிதறச் செய்யும் விதத்தை 1935, 1936ஆம் ஆண்டுகளில் பெங்களூரில் இராமனும் நாகேந்திர நாத்தும் விளக்கியது நம் நாட்டின் பங்காகும்.

துப்புரவுத் தொட்டியின் அடியில் இத்தகைய அதிர்விகள் பொருத்தப்பட்டுள்ளன. இயந்திர உறுப்புகளுக்குப் பெரும்பாலும் வினாடிக்கு 25,000 முதல் 40,000 அதிர்வுகள் பயன்படுகின்றன. அலையின் தாழ்வழுத்தப் பகுதியில் திரவம் பிளந்து, நுண்ணிய குமிழிகள் தோன்றுகின்றன. உயரழுத்தம் வந்ததும் அவை நொறுங்குகின்றன. அப்போது எழும் அதிர்ச்சியும் நுண்தாரையும் அழுக்கைப் பெயர்த்தெறிகின்றன. கப்பல்களின் சுழல்விசிறிகளை அரித்து அழிப்பதும் இதே நிகழ்ச்சிதான். 1917ஆம் ஆண்டில் ராலே பிரபு குமிழி நொறுங்குவதைக் கணித முறையில் ஆராய்ந்தார். அன்று அழிவு செய்த ஆற்றல் இன்று பணி செய்கிறது.

கையாளும் முறை

முதலில் உறுப்புகளை முற்றிலும் பிரித்து, ரப்பர் வளையங்களையும் பிளாஸ்டிக் பகுதிகளையும் நீக்கிவிட வேண்டும். மண்ணையும் கெட்டியான கிரீசையும் துடைத்தகற்றுவது நலம். தொட்டியில் தண்ணீருடன், அந்தந்த உலோகத்திற்கு ஏற்ற மென்காரச் சலவைத் திரவத்தைச் சேர்க்க வேண்டும். எரிசோடா அலுமினியத்தையும் துத்தநாகக் கலவையையும் அரித்துவிடுமாதலால், அதனைத் தவிர்க்க வேண்டும். 50 முதல் 60 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் பெரும்பாலும் போதுமானது. உறுப்புகளை இடுமுன் தொட்டியைச் சில நிமிடங்கள் இயக்கினால், திரவத்தில் கரைந்துள்ள காற்று வெளியேறிச் சுத்திகரிப்பு வலுப்பெறும்.

உறுப்புகளைத் தொட்டியின் அடியில் வைக்கலாகாது. கம்பிக் கூடையில் ஒன்றன்மேல் ஒன்று படாதவாறு தொங்கவிட வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பது சிறந்தது. அளவுக்கு மீறி விட்டுவைத்தால், மெருகிட்ட அலுமினியப் பரப்பில் சிறு குழிகள் விழும். பின்னர் நன்னீரில் அலசி, துளைகளில் காற்றைச் செலுத்தி உலர்த்த வேண்டும். இரும்பு உறுப்புகளுக்கு உடனே எண்ணெய் பூசாவிடில் துருப்பிடிக்கும்.

இத்தொட்டியில் பெட்ரோலையோ தின்னரையோ ஊற்றுவது பேராபத்து; திரவத்தின் வெப்பமும் மின்பொறியும் தீயை மூட்டிவிடும். இயங்கும் தொட்டியில் கையை விடுவதும் தகாது.

எல்லையும் பயனும்

பிஸ்டன் தலையிலும் வால்வுகளிலும் சுட்டு இறுகிய கரி, ஒலியால் மட்டும் அகன்றுவிடாது. முன்னரே தக்க கரைப்பானில் ஊறவைத்தல் வேண்டும். தேய்ந்த உறுப்பை எந்தத் துப்புரவும் புதுப்பிக்காது. பயன்படுத்திய திரவத்தில் எண்ணெய் கலந்திருப்பதால், அதைச் சாக்கடையிலோ கிணற்றருகிலோ கொட்டுவது குற்றமாகும்.

2020ஆம் ஆண்டு ஏப்ரலில் பாரத் நிலை ஆறு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய இருசக்கர வண்டிகளில் எரிபொருள் பீச்சும் அமைப்பு பரவியுள்ளது. எனினும், கார்புரேட்டர் பூண்ட பழைய வண்டிகள் இன்றும் பட்டறைகளுக்கு வருகின்றன. பீச்சு குழல்களின் நுண்துளைகளுக்கும் இதே துப்புரவு தேவைப்படுகிறது. தனித்து வாங்க இயலாத சிறு பட்டறையினர் சிலர் கூடி ஒரு தொட்டியைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். ஜெட்டின் துளை அளவு மாறாது காக்கப்படுவது ஒரு பயன். பெட்ரோல் தட்டில் நாள் முழுதும் நனைந்த இளைஞனின் கைகளுக்கு ஓய்வு கிடைப்பது அதனினும் பெரிய பயனாகும்.