ஒரே மாவு, இரண்டு பாத்திரம்: ஓர் ஆய்வு எப்படி இயங்குகிறது?

வெந்தயம் அரைத்துச் சேர்த்தால் இட்லி மெத்தென்று வருமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். நேற்று சேர்க்கவில்லை, இன்று சேர்த்தோம், இன்றைய இட்லி பூப்போல வந்திருக்கிறது. அதற்காகப் பெருமையை வெந்தயத்துக்குக் கொடுத்துவிட முடியாது. உளுந்து புதிதாக இருந்திருக்கலாம். நேற்றைய பெங்களூரு குளிரில் மாவு பொங்காமல் போயிருக்கலாம். ஒரே மாவை நன்றாகக் கலக்கி, இரண்டு பாத்திரத்தில் பிரித்து, ஒன்றில் மட்டும் வெந்தயம் சேர்த்து, இரண்டையும் ஒரே இரவு புளிக்கவிட்டு, ஒரே அடுப்பில் அவித்தால்தான் சந்தேகம் தீரும்.

பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் இதையேதான் செய்து பார்த்தார்கள் அச்யுதா அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நிஷதம் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள். ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் ஐந்து தொழிற்சாலைகள். தையல் மெஷினில் உட்காரும் பெண்களுக்கு, பேசிப் புரியவைப்பது, நேரத்தைத் திட்டமிடுவது, சிக்கல் வந்தால் முடிவெடுப்பது ஆகியவற்றில் சுமார் 80 மணி நேரப் பயிற்சி. கேப் என்ற ஆடை நிறுவனம் வடிவமைத்த ‘பேஸ்’ என்ற திட்டம் அது. ஊசி நூல் பற்றி அதில் எதுவும் இல்லை. அப்படியொரு பயிற்சி தையலின் வேகத்தைக் கூட்டுமா என்பதுதான் கேள்வி. முடிவுகள் 2023-இல் ‘ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமி’ இதழில் வெளியாயின.

அச்சில் வந்த ஆய்வைக் கையில் எடுத்தால் பலரும் நேராக முடிவுக்குப் போகிறோம். நான் முதலில் பார்ப்பது மாவைப் பிரித்த விதத்தைத்தான். பயிற்சிக்குச் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். தானாக முன்வந்து பெயர் கொடுக்கிற பெண் ஏற்கெனவே துடிப்பானவராக இருக்கக்கூடும். அதனால் பெயர் கொடுத்தவர்களுக்குள்ளேயே குலுக்கல் போட்டார்கள். இடம் கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் நடுவே இருந்தது அதிர்ஷ்டம் மட்டுமே.

இன்னொரு சிக்கல், நல்ல மாவு பொங்கி வழியும். பயிற்சி பெற்றவர் தன் லைனில் (மெஷின் வரிசையில்) பக்கத்து மெஷின்காரருக்குக் கற்றதைச் சொல்லிக் கொடுப்பார். அப்போது வெந்தயம் சேராத பாத்திரத்திலும் வெந்தயம் கலந்துவிடும். இதை முன்பே யோசித்து, முதலில் லைன்களைக் குலுக்கினார்கள். தேர்வான லைன்களுக்குள் ஆட்களைக் குலுக்கினார்கள். சில லைன்களில் ஒருவருக்குமே பயிற்சி இல்லை. அவை தள்ளி வைத்த பாத்திரங்கள். அவற்றோடு ஒப்பிட்டால்தான் வழிந்தது எவ்வளவு என்பதும் தெரியும். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அளந்த விதமும் முக்கியம். “வேகம் கூடியதா?” என்று யாரையும் கேட்டுவிட்டு விடவில்லை. டார்கெட்டில் எத்தனை பீஸ் முடிந்தது என்று தொழிற்சாலை அன்றாடம் எழுதிவைக்கும் கணக்கையே எடுத்துக்கொண்டார்கள். ஆயத்த ஆடைத் தொழிலில் ஆட்கள் அடிக்கடி வேலையை விட்டுப் போவார்கள். ஒரு தட்டிலிருந்து மட்டும் உடைந்த இட்லிகளை எடுத்து எறிந்துவிட்டால் ஒப்பீடே பாழ். பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் வேலையை விட்ட அளவில் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை.

பயிற்சி முடிந்தபின் அந்தப் பெண்களின் உற்பத்தித்திறன் மற்றவர்களைவிட 13.5 சதவீதம் அதிகம். அதாவது மற்றவர் 100 பீஸ் தைக்கும் நேரத்தில் இவர் 113-க்கும் சற்று மேல். கூலி உயர்ந்தது 0.5 சதவீதம். மாதச் சம்பளம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கூடுதலாக 50 ரூபாய். நிறுவனத்துக்கோ, செலவெல்லாம் போக, போட்ட பணத்தைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் ஆதாயம். அதுவும் பயிற்சி முடிந்த எட்டே மாதத்தில்.

பயிற்சி பலன் தருகிறது என்ற வரியோடு நின்றுவிட்டால் பாதி ஆய்வைத்தான் படித்திருக்கிறோம். அந்தப் பலன் யார் கைக்குப் போனது என்பது அடுத்த வரியில் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை கனமான வரி அதுதான். வேலைச் சந்தையில் உள்ள தடைகளால் திறனுக்கும் கூலிக்கும் நடுவே இப்படி இடைவெளி விழுகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அடுப்படி யாருடையது என்றும் பார்க்க வேண்டும். ஆய்வாளர்களில் இருவர், ஷாஹியின் அனந்த் அஹுஜாவுடன் சேர்ந்து ‘குட் பிசினஸ் லேப்’ என்ற அமைப்பைத் தொடங்கியவர்கள். இது ஆய்வைத் தள்ளிவைக்கக் காரணம் ஆகாது. தொழிற்சாலைக்குள் போகாமல் இப்படிக் குலுக்கவும் முடியாது, அன்றாடக் கணக்கும் கிடைக்காது. கூலி பெரிதாக உயரவில்லை என்பதை மறைக்காமல் முன்னால் வைத்திருப்பது நம்பிக்கை தருகிறது. ஆனால் வாசகர் இந்தத் தொடர்பைத் தெரிந்துகொண்டுதான் படிக்க வேண்டும்.

இந்த முடிவு விருப்பப்பட்டுப் பெயர் கொடுத்த பெண்களுக்கு, ஒரே நிறுவனத்தின் ஐந்து தொழிற்சாலைகளுக்கு உரியது. பெயரே கொடுக்காதவர்களுக்கும் திருப்பூரின் சிறிய பட்டறைகளுக்கும் இதை அப்படியே நீட்ட முடியாது. அங்கே மாவு வேறு. மறுபடியும் கலக்கி, மறுபடியும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அப்படிச் செய்யும்போது கூலிக் கணக்கையும் முதல் நாளிலிருந்தே அளக்க வேண்டும்.